விளக்கை விளக்கும் நாள்

ஹனுக்கா முடிந்த மறுநாள் ஜெருசலேமின் சந்துகளில் மிஞ்சுவது கரியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். அந்த மிச்சத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

ஜெருசலேமின் யாஃபோ சாலையில் ட்ராம் வண்டியை விட்டு இறங்கி, மஹனே யெஹூதா சந்தையின் நெரிசலைக் கடந்து, அக்ரிப்பாஸ் தெருவின் மறுபுறம் இறங்கினால் நஹ்லாவோட். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்துகள். பழைய நகரின் மதிலுக்கு வெளியே, 1870களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த சின்னச் சின்னக் குடியிருப்புகள் சேர்ந்து உருவான பகுதி இது. அலெப்போவிலிருந்து வந்தவர்கள், ஏமனிலிருந்து வந்தவர்கள், குர்திஸ்தானத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு ஜெபாலயம். அலெப்போ யூதர்கள் 1901இல் கட்டிய அதேஸ் ஜெபாலயம் இன்றும் இங்கே இருக்கிறது.

ஹனுக்காவின் எட்டு மாலைகளிலும் இந்தச் சந்துகளுக்குள் நுழைய முடியாது. வீட்டு வாசலின் இடப்பக்கத்தில், சுவரில் மாட்டிய அல்லது முக்காலி மேல் வைத்த கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய சிறு கிண்ணங்களின் வரிசை. சில பழைய வீடுகளில் கல்லைக் குடைந்து செய்த மாடமே உண்டு. விளக்குகளைப் பார்ப்பதற்கென்றே வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்து வருகிறார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் பார்ப்பதற்கு யாரும் வருவதில்லை. பெட்டிகளின் கண்ணாடி புகைபடிந்து மங்கிக் கிடக்கிறது. உள்ளே கருகிய திரிகள், பாதி வற்றிய எண்ணெய். வாசல் கதவு திறக்கிறது. ஒரு தட்டில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போகிறார். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்.

2024ஆம் ஆண்டின் ஹனுக்கா டிசம்பர் 25 மாலை தொடங்கியது. எட்டாவது விளக்கு 2025 ஜனவரி 1 மாலை ஏற்றப்பட்டது. மறுநாள் வியாழன் இருட்டியதும் பண்டிகை முடிந்தது. ஆக, கிண்ணம் கழுவும் நாள் வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. ஜெருசலேமில் வெள்ளிக்கிழமை சமையலறைக்கு மூச்சுவிட நேரமில்லாத நாள். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது நகரமெங்கும் சைரன் ஒலிக்கும். ஜனவரியில் அது மாலை நாலு மணி சுமாருக்கே வந்துவிடும். அதற்குள் சமைத்து, பெருக்கி, குளித்து, சபாத் விளக்கை ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகு மறுநாள் இரவு வரை நெருப்பும் இல்லை, வேலையும் இல்லை.

அதற்கிடையில்தான் இந்தக் கிண்ணங்கள்.

கழுவுவது எளிதல்ல. எட்டு இரவு சூடேறிய எண்ணெய், கண்ணாடியின் விளிம்பில் மஞ்சள் வளையமாக உறைந்துவிடுகிறது. மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெய், வெப்பத்தில் காற்றோடு கலந்து வார்னிஷ் பூச்சைப் போல இறுகிவிடும். பொரிக்கும் சட்டியின் வெளிப்புறத்தில் ஏறும் பழுப்புக் கறையும் இதே சங்கதிதான். விரலால் தேய்த்தால் ஒட்டும், போகாது. அதன் மேல் திரியின் கரி. அடியில் கொஞ்சம் தண்ணீர் வேறு. கண்ணாடி சூட்டில் விரிசல் விடாமலிருக்கவும், எண்ணெய் தீர்ந்ததும் சுடர் தானாக அணையவும், பலர் முதலில் சிறிது தண்ணீர் ஊற்றி அதன் மேல்தான் எண்ணெய் விடுகிறார்கள். காலையில் அந்தத் தண்ணீரும் எண்ணெயும் கரியும் கலந்து சாம்பல் நிறக் குழம்பாக நிற்கும். நடுவில் வரும் சபாத் நாளில் கிண்ணத்தைத் தொடக்கூடாது. வெள்ளி மாலை எரிந்த கிண்ணம் சனி இரவு வரை அப்படியே கிடக்கும். அந்தக் கறைதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது.

அனுபவப்பட்ட கைகள் முதலில் தண்ணீரிடம் போவதில்லை. திரியையும் அதைத் தாங்கும் மிதவையையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய எண்ணெயை ஒரு தகர டப்பாவில் வடிக்கிறார்கள். பிறகு காகிதத்தாலோ பழந்துணியாலோ கிண்ணத்தின் உட்புறத்தை வறட்டுத் துடைப்பாகத் துடைக்கிறார்கள். இதைச் செய்யாமல் குழாயடியில் நீட்டினால் பிசுக்கு பத்துக் கிண்ணத்துக்கும் பரவும். குளிர்காலத்தில் எண்ணெய் உறைந்து சாக்கடைக் குழாயையும் அடைத்துவிடும். அடுத்து சூடான சோப்புத் தண்ணீரில் ஊறல். கொதிக்கும் நீரைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் 'டப்' என்று தெறிக்கும் என்பதால் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். விளிம்பு வளையத்துக்கு சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கிறார்கள். விரல் நுழையாத குறுகிய கழுத்துக் கிண்ணங்களில் ஒரு பிடி அரிசியும் சோப்பு நீரும் போட்டுக் குலுக்குகிறார்கள். அரிசி உள்ளே சுழன்று கரியை உரித்து எடுக்கிறது. வெள்ளி விளக்குக்கு மட்டும் வெந்நீரும் மெல்லிய துணியும்தான். கம்பி நார் பட்டால் போச்சு.

இவ்வளவும் வெறும் வீட்டு வேலைதானா? அந்தத் தகர டப்பாவில் வடித்த எண்ணெய்தான் இந்தக் கேள்வியைக் கிளப்புகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. பணியாரம் சுடவும் கூடாது.

ஹனுக்காவின் கதை பலரும் அறிந்ததுதான். கிரேக்க அரசன் அந்தியோக்கஸ் ஜெருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர்கள் கிளர்ந்தெழுந்து கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தினார்கள். ஒரு நாளுக்கு மட்டுமே போதுமான தூய எண்ணெய் ஒரு குப்பியில் கிடைத்தது, அது எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதத்தை மக்கபேயர் நூல்கள் சொல்வதில்லை. பல நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட தால்முத் சொல்கிறது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறுவரிசையில் எட்டு நாளும் ஏற்றினால் மொத்தம் 36 சுடர். அவற்றை ஏற்றவும் காவலிருக்கவும் தினமும் ஒரு துணை விளக்கு, 'ஷமாஷ்'. அதையும் சேர்த்தால் 44.

இந்தச் சுடருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. அதன் வெளிச்சத்தை எதற்கும் பயன்படுத்தக்கூடாது. அதில் படிக்கக்கூடாது, காசு எண்ணக்கூடாது. பார்க்க மட்டும்தான். துணை விளக்கு எரிவதே, தவறிப்போய் யாராவது அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தினால் அது துணை விளக்கின் கணக்கில் சேரட்டும் என்பதற்காகத்தான்.

சுடருக்குள்ள விதி எண்ணெய்க்கும் ஒட்டிக்கொள்கிறது. கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ தொகுத்து, 1565இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் அருக்' சட்டநூல் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. எட்டாம் நாள் விளக்குக்கு வேண்டிய அளவில் மிஞ்சிய எண்ணெயைத் தனியே தீ மூட்டி எரித்துவிட வேண்டும். அது இந்தக் கடமைக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. வேறு எண்ணெயோடு தவறிக் கலந்துவிட்டால், கலந்த எண்ணெய் அறுபது மடங்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வேண்டுமென்றே மேலும் ஊற்றி அறுபதாக்கித் தப்பித்துக்கொள்ளக்கூடாது என்பாரும் உண்டு. விளக்கு எரிய வேண்டிய நேரம் அரை மணி. அதற்கு மேல் ஊற்றிய எண்ணெய்க்கு இந்தத் தடை இல்லை என்றும், பண்டிகைக்கு முன்பே மனத்தில் நிபந்தனை வைத்துக்கொண்டால் போதும் என்றும் சலுகைகளும் உண்டு. ஆனாலும் பல வீடுகளில் வம்பே வேண்டாமென்று எல்லாவற்றையும் எரித்துவிடுகிறார்கள்.

எரிப்பதிலும் பல வழக்கங்கள். முற்றத்தில் தகர டப்பாவுக்குள் பழைய திரிகளைப் பஞ்சோடு சேர்த்துப் போட்டுக் கொளுத்துகிறவர்கள் உண்டு. சில ஹசிதிய சபைகளில் 'திரி எரிப்பு' ஒரு கூட்டமாகவே நடக்கிறது. பாட்டும் உண்டு. வேறு சிலர் திரிகளை ஒரு பொட்டலமாகக் கட்டி வசந்த காலம் வரை வைத்திருந்து, பாஸ்கா பண்டிகைக்கு முன்னாள் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும் தீயில் போடுகிறார்கள்.

கிண்ணத்தைப் பற்றியும் அதே நூலில் சட்டம் இருக்கிறது. மண் விளக்கு ஓர் இரவு எரிந்தாலே பழசாகிவிடும். மறுநாள் அதில் ஏற்றக்கூடாது. ஒவ்வோர் இரவும் புதிது வாங்க வேண்டும், அல்லது பழையதைத் தீயிலிட்டுச் சுட்டெடுக்க வேண்டும். உலோகத்துக்கு அது வேண்டாம். கண்ணாடிக்கும் மெருகிட்ட மண்ணுக்கும் உலோகத்தின் விதியே. காரணம் சமையலறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் எண்ணெயைக் குடித்துவிடும், எத்தனை தேய்த்தாலும் விடாது. கண்ணாடி கழுவினால் புதுசு. திரியை மட்டும் மாற்றத் தேவையில்லை, தீரும்வரை எரிக்கலாம் என்கிறது நூல். ஒருமுறை எரிந்த திரி சட்டென்று பற்றும்.

கதையின் வேர் இன்னும் பழையது. நஹ்லாவோட்டிலிருந்து பழைய நகரின் மதில் நடக்கும் தூரம்தான். மதிலுக்குள் ஆலயம் நின்ற குன்று. கி.பி. 70இல் ரோமானியர்கள் அதை இடிக்கும் வரை அங்கே ஏழு கிளைப் பொன் விளக்கு ஒன்று எரிந்தது. ஒவ்வொரு கிளைக்கும் இரவுக்கு அரை 'லோக்' எண்ணெய், ஏறத்தாழ ஒரு டம்ளர். அதை ஏற்றுவதைப் போலவே துலக்குவதும் வழிபாடாகவே இருந்தது. காலைதோறும் ஆரோன் விளக்குகளைச் சீர்செய்யும்போது தூபம் காட்ட வேண்டும் என்கிறது யாத்திராகமம்.

அந்த வேலை யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்தது. இதற்குப் பின்னால் ஒரு விபத்து உண்டு. பலிபீடத்தின் சாம்பலை அள்ளும் வேலைக்காக ஆசாரியர்கள் சரிவுப் பாதையில் பந்தயம் வைத்து ஓடுவார்களாம். ஒரு முறை இருவர் சமமாக ஓடியபோது ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, விழுந்தவரின் கால் முறிந்தது. அதற்குப் பிறகே சீட்டு முறை வந்தது என்று மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது. இரண்டாம் சீட்டில் 13 பேருக்கு வேலை கிடைக்கும். பலியிடுவது ஒருவருக்கு, இரத்தம் தெளிப்பது ஒருவருக்கு. அதே பட்டியலில் விளக்கின் சாம்பலைத் துடைப்பதும் ஒன்று. தாமித் என்ற பகுதி அந்தக் காலைக் காட்சியை அப்படியே எழுதி வைத்திருக்கிறது. விளக்குக்கு முன் மூன்று படி வைத்த ஒரு கல். அதில் ஏறி நின்று ஆசாரியர் ஒவ்வொரு அகலாகச் சுத்தம் செய்வார். கருகிய திரிகளும் சாம்பலும் போட ஒரு பெரிய பொன் கூஜா. வேலை முடிந்ததும் அதை இரண்டாவது படியில் வைத்துவிட்டு வெளியே வருவார்.

பொன் கூஜா இருந்த இடத்தில் இப்போது தகர டப்பா. சீட்டுக் குலுக்கல் இல்லை. ஏற்றுவதற்கு ஆசிமொழி உண்டு, கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. மாலையில் குடும்பமே வாசலில் கூடிப் பாடுகிறது. காலையில் கிண்ணத்தோடு ஒருவர்தான் நிற்கிறார்.

பெண்களுக்கும் இந்த விளக்குக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அவர்களும் அந்த அற்புதத்தில் பங்கு பெற்றவர்கள், ஆகவே அவர்களுக்கும் விளக்கேற்றும் கடமை உண்டு என்கிறது தால்முத். சுடர் எரியும் நேரத்தில் பெண்கள் வேலை செய்யாமலிருப்பது நெடுங்கால வழக்கம். அந்த அரை மணிநேரம் துணி துவைக்க வேண்டாம், தைக்க வேண்டாம், உட்காரலாம். எட்டு நாளைக்கு அரை மணிவீதம் நாலு மணிநேர ஓய்வு. ஒன்பதாம் நாள் அந்த ஓய்வுக்கு வட்டியும் முதலுமாகக் கரி வந்து சேர்கிறது.

இந்தத் தொல்லைக்குச் சந்தை ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறது. ஹனுக்கா நெருங்கினால் மஹனே யெஹூதாவின் கடைகளில் அட்டைப்பெட்டிகள் குவிகின்றன. ஒவ்வொன்றிலும் 44 சிறு கிண்ணங்கள். உறைய வைத்த ஆலிவ் எண்ணெயும் திரியும் உள்ளேயே இருக்கின்றன. மூடியைத் திறந்து வைத்துக் கொளுத்தினால் போதும். கை பிசுக்காகாது. காலையில் குப்பைத் தொட்டி. சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளும், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளும் இதை வாங்குவதில் வியப்பில்லை. 'ஒவ்வோர் இரவும் புது விளக்கு' என்ற பழைய மண் விளக்குச் சட்டம் இப்படி ஒரு வழியில் திரும்பி வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டம் புதிது வாங்கச் சொன்னபோது, பழையதைச் சுட்டெடுக்கும் வழியையும் சேர்த்தே சொன்னது.

நகரின் மேற்கே இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் கழுவத் தேவையில்லாத விளக்குகளைப் பார்க்கலாம். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஹனுக்கா விளக்குகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. சுவரில் மாட்டுவதற்கு முதுகுத் தகடு வைத்தவை, சொட்டும் எண்ணெயைப் பிடிக்க அடியில் தட்டு வைத்தவை, பித்தளை வளையங்களில் கண்ணாடிக் கிண்ணம் உட்காரும் பாக்தாத் பாணி விளக்குகள். அதே கட்டடத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பொருத்தப்பட்ட கடவும்பாகம் ஜெபாலயத்தின் செதுக்கு மர உட்புறமும் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் எரிந்த விளக்குகள் தொங்கிய மரபு அது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் கேரளத்தை விட்டுக் கிளம்பினார்கள். ஜெருசலேம் மலைச்சரிவில் உள்ள மெசிலாத் சியோன் போன்ற கிராமங்களில் குடியமர்ந்தார்கள். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நூல் வேலைக் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல் 96 வயதில் மறைந்தார். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுடையது. அங்கே விளக்குகள் பளபளக்கின்றன. எரிந்து கறுக்காத விளக்கு பளபளப்பதில் என்ன சிரமம்?

கரி என்பது வீட்டில் ஆள் இருப்பதற்குச் சாட்சி. நஹ்லாவோட்டின் கல் மாடங்களுக்கு மேலே நாக்கு வடிவில் படிந்திருக்கும் கறுப்பை யாரும் வெள்ளையடித்து மறைப்பதில்லை.

விளக்கு வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும், ஆபத்தான காலத்தில் மேஜை மேல் வைத்தால் போதும் என்பது தால்முத்தின் சொல். யூதர்கள் பல நூற்றாண்டுகளாக, பல நாடுகளில் அந்த இரண்டாவது வாக்கியத்தின்படி வாழ்ந்தவர்கள். 2024 டிசம்பரில் ஜெருசலேமில் விளக்குகள் வாசலில்தான் எரிந்தன. ஆனால் அது காஸா போருக்கு நடுவே வந்த இரண்டாவது ஹனுக்கா. 2023 அக்டோபர் 7 அன்று பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பலர் அப்போதும் திரும்பியிருக்கவில்லை. சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், 2023 அக்டோபரிலேயே மின்நிலையம் நின்றுபோன காஸாவில், பல்லாயிரம் குடும்பங்கள் கூடாரங்களில் இருட்டோடு இருந்தன. அந்த ஆண்டு சுடரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டினால் சந்தையில் கடைக்காரர்களின் கூச்சல் உச்சத்துக்குப் போகும். பின்பு ஒவ்வொரு கடையாக இரும்புக் கதவு இறங்கும். எட்டு நாளும் மலையாகக் குவிந்திருந்த எண்ணெயில் பொரித்த ஜாம் உருண்டைகள் மறைந்து, வழக்கமான பின்னல் ரொட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். நஹ்லாவோட்டின் சமையலறைகளில் கழுவிய கிண்ணங்கள் துணி மேல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கும்.

அவற்றில் சில அலமாரிக்குப் போவதில்லை. மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கில் சபாத்தை வரவேற்கும் வீடுகள் பல. அங்கே அதே அளவுக் கிண்ணங்கள்தான் வேண்டும். பழைய எண்ணெயின் ஒரு துளிகூட இல்லாமல் துடைத்த கண்ணாடியில் புது எண்ணெய் விழுகிறது. சைரன் ஒலிப்பதற்குள் அதை ஏற்றுவது வீட்டுப் பெண்ணின் உரிமை. அதற்கு ஆசிமொழியும் உண்டு. இந்தச் சுடருக்கு ஹனுக்காவின் கட்டுப்பாடு கிடையாது. அதன் வெளிச்சத்தில் சாப்பிடலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். அதற்காகத்தான் அதை ஏற்றுவதே.

ஒருவனிடம் ஒரு விளக்குக்கு மட்டுமே காசு இருந்தால், ஹனுக்கா விளக்கா, சபாத் விளக்கா என்று தால்முத் ஓரிடத்தில் கேட்கிறது. சபாத் விளக்குதான் என்று பதிலும் சொல்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறக் கூடாது, வீட்டின் அமைதிதான் முதலில் என்பது காரணம். காலையில் கரி தேய்த்த விரல்கள் நாலு மணிக்கு இந்தத் தீக்குச்சியை உரசுகின்றன. நகங்களுக்கு அடியில் கறுப்பு இன்னும் முழுதாகப் போயிருக்காது.